சுப்பீரியர் கரையில் அலை உருட்டிய கற்கள்

ஏரி எனும் சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் எழுவது கரை கட்டி, மதகு வைத்து, மழைநீரைத் தேக்கிய நீர்நிலையே. வட அமெரிக்காவின் நடுவே, ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் எல்லையாய்க் கிடக்கும் சுப்பீரியர் ஏரியை அந்தச் சொல்லுக்குள் அடக்குவது எளிதன்று. அதன் பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவின் பரப்பைக் காட்டிலும் பெரிது. தமிழகத்தின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கும் அதிகம். ஆழம் மிகுந்த இடத்தில் 406 மீட்டர். நிலத்தின்மேல் திரவமாய் நிற்கும் உலக நன்னீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில் இருக்கிறது. அக்கரை தெரியாது. அலை எழும், புயல் அடிக்கும், கப்பல் மூழ்கும். உப்பு ஒன்றுதான் இல்லை.

'சுப்பீரியர்' என்றால் உயர்ந்தது, சிறந்தது என்று பொருள் கொள்வோர் உண்டு. அப்படியன்று. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பிரெஞ்சுக்காரர் 'மேலே இருக்கும் ஏரி' என்ற பொருளில் வைத்த பெயர் அது. ஐந்து பேரேரிகளுள் வடமேற்கில், எல்லாவற்றுக்கும் மேல் மட்டத்தில் இருப்பதால் அப்பெயர். அதற்கு முன்பே அக்கரைகளில் வாழ்ந்த ஓஜிப்வே மக்கள் அதனைக் 'கிச்சிகாமி' என்றனர். பெருநீர் என்பது அதன் பொருள். நேர்மையான பெயர் எதுவென்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இந்த ஏரியின் பெரும்பகுதிக் கரை பாறைக் கரை. மணல் விரிந்த இடங்கள் தென்கரையில் சில உண்டு. மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த வடமேற்குக் கரையிலும், கனடாவின் ஒன்டாரியோ மாநிலக் கரையிலும் நடந்தால் காலுக்குக் கீழே கற்களே. விரல்நுனி அளவு, முட்டை அளவு, தலையணை அளவு என்று அலை அவற்றைத் தரம் பிரித்து வைத்திருக்கும். சாதாரண அலை சிறு கற்களை மட்டும் மேலும் கீழும் இழுத்து விளையாடும். நவம்பர் மாதத்துப் புயலலை பெருங்கற்களைத் தூக்கிக் கரையின் மேட்டில் எறிந்துவிட்டுப் போகும். கரையில் ஒரு கல் எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதைப் பார்த்தே அதனை அங்கு கொண்டு சேர்த்த அலையின் வலிமையை ஒருவாறு ஊகிக்கலாம்.

கற்களின் நிறங்களைச் சொல்லத் தொடங்கினால் பட்டியல் நீளும். கரியது, சாம்பல் நிறத்தது, செங்கல் நிறத்தது, ரோஜா நிறத்தது, பாசிப்பச்சை படர்ந்தது, வெண்ணிறப் புள்ளி வைத்தது, சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரியோடியது. இத்தனை வகைக் கற்கள் ஒரே கரையில் எப்படி வந்து சேர்ந்தன? அழகைக் கண்டவர்க்கு இக்கேள்வி எழாமல் இராது. விடை 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னே செல்கிறது.

பிளக்க முயன்ற கண்டம்

அக்காலத்தில் வட அமெரிக்கக் கண்டம் இன்றைய சுப்பீரியர் ஏரி இருக்கும் இடத்தில் இரண்டாகப் பிளக்கத் தொடங்கியது. பிளவின் வழியே பூமியின் உள்ளிருந்து எரிகுழம்பு பொங்கியது. ஒரு முறையன்று, நூற்றுக்கணக்கான முறை, இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய்ந்து, கிலோமீட்டர் கணக்கில் தடித்த அடுக்குகளாய் உறைந்தது. பிறகு என்ன காரணத்தாலோ பிளவு நின்றுபோயிற்று. தொடர்ந்திருந்தால் அங்கே ஒரு மாகடல் தோன்றியிருக்கும். குழம்பின் பாரம் தாங்காமல் நடுப்பகுதி அமிழ்ந்து ஒரு பெருங்கிண்ணம் உண்டாயிற்று. நெடுங்காலத்துக்குப் பின், சென்ற பனியுகத்தில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடிமனுள்ள பனிப்பாளங்கள் அக்கிண்ணத்தைச் சுரண்டி ஆழப்படுத்தின. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி பின்வாங்கியபோது எஞ்சிய நீரே ஏரியாயிற்று.

ஆகவே கரையில் கிடக்கும் கரிய கல் பசால்ட். மேலே பொங்கி விரைவாய் உறைந்த குழம்பு. செந்நிறக் கல் ரயோலைட். சிலிக்கா மிகுந்த குழம்பு. புள்ளி தெளித்த கிரானைட் கற்களில் பல வடக்கே கனடாவின் பழம்பாறைகளிலிருந்து பனிப்பாளம் சுமந்து வந்தவை. அவற்றுள் சில 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. இரும்புக் கல்லும் செஞ்சூரியக்காந்தக் கல்லும் வரிவரியாய் அமைந்த துண்டுகள் சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலடி வண்டல். ஒரு கைப்பிடி அள்ளினால் நூறு கோடி ஆண்டு வயது வித்தியாசமுள்ள கற்கள் அடுத்தடுத்து உள்ளங்கையில் கிடக்கும்!

அந்த இரும்பு வண்டலோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஒன்டாரியோ கரையில் ஷ்ரைபர் என்றொரு சிற்றூர். அதன் கடற்கரை போன்ற ஏரிக்கரையில் கரிய தீத்தட்டிக் கல், அதாவது பழங்காலத்தில் தீ உண்டாக்கப் பயன்பட்ட சிக்கிமுக்கிக் கல், பாறையாய் நிற்கிறது. அதனை மெல்லிய தகடாய்ச் சீவி நுண்ணோக்கியில் பார்த்த ஸ்டான்லி டைலர், எல்சோ பார்கூர்ன் எனும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதனுள் நூலிழை போன்றும் சிறு உருண்டை போன்றும் உயிர்களின் தடங்கள் பதிந்திருப்பதை 1954ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதுவரை, அவ்வளவு பழைய பாறைகளில் உயிரின் சான்று கிடைக்காது என்றே பலரும் எண்ணியிருந்தனர். கண்ணுக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாத கரிய கல் அது. வண்ணக்கல் தேடி வருவோர் அதைத் தாண்டித்தான் போவார்கள்.

அகீக்

அவர்கள் தேடி வருவது பெரும்பாலும் ஒரே ஒரு கல்லைத்தான். ஆங்கிலத்தார் 'அகேட்' என்பர். அரபியில் 'அகீக்'. நம் வீடுகளில் பெரியவர்கள் வெள்ளி மோதிரத்தில் பதித்து அணிந்த செந்நிறக் கல் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஏமன் நாட்டு அகீக் மிகப் பெயர் பெற்றது; அதில் பெயரையும் திருவசனங்களையும் செதுக்கி முத்திரை மோதிரம் செய்யும் கலை நம் நாகரிகத்தில் நெடுங்காலம் செழித்திருந்தது.

சுப்பீரியர் அகீக் உண்டான விதம் வியப்புக்குரியது. எரிகுழம்பு உறையும்போது அதனுள் அகப்பட்ட வாயு, தோசை மாவில் குமிழி விடுவது போலக் குமிழிகளை உண்டாக்கிற்று. குமிழி உடைந்து வெளியேறும் முன் பாறை உறைந்துவிட்டதால் உள்ளே வெற்றிடம் எஞ்சியது. பின்னர் பாறையின் ஊடே ஊறிய நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை அந்த வெற்றிடத்தின் சுவரில் மெல்லிய படலமாய்ப் படியவிட்டது. படலத்தின்மேல் படலம், மயிரிழையினும் நுண்ணிய வரிகள். நீரில் இரும்பும் இருந்ததால் வரிகள் சிவப்பும் காவியும் மஞ்சளும் ஆயின. வரிகள் ஏன் இவ்வளவு ஒழுங்காய் அமைகின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

பசால்ட் பாறை மழையிலும் பனியிலும் நைந்து உதிரும். அகீக் உதிராது, கடினத்தை அளக்கும் பத்துப் படிகளில் அது ஏழாவது படியில் நிற்கிறது. எனவே வீடு இடிந்து பெட்டகம் எஞ்சுவது போலத் தாய்ப்பாறை அழிந்து அகீக் தனித்து விழுந்தது. பனிப்பாளங்கள் அதனை வாரிக்கொண்டு தெற்கே வெகுதொலைவு பரப்பின. இன்றும் மின்னசோட்டாவிலும் அயோவாவிலும் உழவர்களும், சரளைக் குழி வெட்டுவோரும் ஏரியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி அதனைக் கண்டெடுக்கின்றனர். 1969ஆம் ஆண்டில் மின்னசோட்டா அரசு அதனைத் தன் மாநில மணிக்கல்லாக அறிவித்தது.

கரையில் அதைத் தேடுவோர் காலையிலோ மாலையிலோ தாழ்ந்த சூரியனை எதிர்நோக்கி நடப்பார்கள். மற்றக் கற்கள் ஒளியை மறித்து இருண்டு கிடக்கையில் அகீக் மட்டும் ஒளியை உள்ளே வாங்கிச் சிறு கனல் போலத் தெரியும். எண்ணெய் தடவியது போன்றதொரு மினுக்கமும் அதற்கு அடையாளம்.

நம் நாட்டிலும் இதே கதை வேறு காலத்தில் நடந்திருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய எரிகுழம்பின் குமிழிகளில் விளைந்த அகீக் கற்களே குஜராத்தின் கம்பாத் நகரை மணித்தொழிலுக்குப் பெயர் பெற்றதாக்கின. சிந்துவெளி நாகரிக மக்கள் லோத்தலில் மணி செய்த பட்டறையை அகழ்வாய்வாளர் கண்டிருக்கின்றனர். கல்லைச் சூளையில் வாட்டினால் அதிலுள்ள இரும்பு மாற்றமடைந்து செந்நிறம் ஆழமாகும் என்ற நுட்பத்தை அவர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். கல் வெட்டும் இரத்தன்பூரில் பாபா கோர் எனும் ஹபஷிப் பெரியாரின் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகீக் வணிகத்தை வளர்த்தவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. குஜராத்தில் வாழும் சித்தி முஸ்லிம்கள் இன்றும் அவரை நினைவுகூர்கின்றனர்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மின்னசோட்டாவில் பணிபுரிகிறார். விடுமுறையில் வந்தபோது, அங்குள்ள கடையொன்றில் வாங்கிய ஏழு கற்களைச் சிறு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அவற்றை மதரஸாவில் பிள்ளைகளிடம் கொடுத்தேன். எல்லாம் மங்கிய சாம்பல் நிறம், ஒருவரும் வியக்கவில்லை. ஒளு செய்யும் இடத்திலிருந்து ஒரு குவளை நீர் எடுத்து வந்து அவற்றின்மேல் ஊற்றினேன். ஏழும் ஏழு நிறமாயின. 'ஹஜ்ரத், நிறம் தண்ணீரில் இருக்கிறதா, கல்லில் இருக்கிறதா?' என்று சிறுவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி! நிறம் கல்லில்தான் இருக்கிறது. உலர்ந்த கல்லின் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அவை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் வெள்ளைத்திரை போட்டது போல் மங்கல் உண்டாகிறது. நீர் அக்கீறல்களை நிரப்பி மேற்பரப்பைச் சமன் செய்துவிடுகிறது. ஒளி உள்ளே புகுந்து கல்லின் சொந்த நிறத்தோடு திரும்புகிறது. கடைக்காரர்கள் எந்திர உருளையில் நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுவதும் இதே விளைவுக்காகவே. மெருகேற்றிய கல்லைவிட நனைந்த கல்லே அழகு என்பது என் கட்சி.

கூழாங்கல்லை வெறுமனே ரசிக்காமல் அதிலிருந்து பூமியின் வரலாற்றைப் படித்த முன்னோடிகள் நம்மிடையே இருந்தனர் என்பதை இளைஞர்கள் அறியவேண்டும். அல்பிரூனி 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும் உருண்டைக் கற்களைக் கவனிக்கிறார். மலையடிவாரத்தில், ஆறு வேகமாய்ப் பாயும் இடத்தில் அவை பெரியவை. தொலைவு செல்லச் செல்லச் சிறியவை. முகத்துவாரத்தருகே வெறும் மணல். இதிலிருந்து, வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய சமகாலத்தவரான இப்னு சீனா 'கிதாபுஷ் ஷிஃபா' நூலில் கற்களும் மலைகளும் உருவாகும் முறைகளை ஆராய்ந்தார். அப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது ஐரோப்பியர் அதனை அரிஸ்டாட்டில் எழுதியதாகவே நெடுங்காலம் கருதி வந்தனர்!

பாடும் கரையும் வெண்பாறையும்

மின்னசோட்டாவின் வடகரை நெடுஞ்சாலையில் டுலூத் நகரிலிருந்து வடகிழக்கே சென்றால் அயோனா கரை என்றோர் இடம் வரும். அரசால் பாதுகாக்கப்பட்ட சிறு நிலப்பரப்பு. ஒரு முனையில் செந்நிற ரயோலைட் குன்று. அது உடைந்து விழும் சில்லுகளை அலை உருட்டி, ரோஜா நிறமுள்ள தட்டையான கற்களாக்கிக் கரை நெடுகக் குவித்து வைத்திருக்கிறது. அலை வந்து திரும்பும்போது அக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கண்ணாடி வளையல்கள் குலுங்குவது போன்ற ஓசை எழுப்புகின்றன. 'பாடும் கரை' என்று அதற்குப் புகழ். தட்டையான, கடினமான கற்களாயிருப்பதே இந்த இன்னிசைக்குக் காரணம். உருண்டைப் பசால்ட் கற்கள் கிடக்கும் கரையில் இதே அலை உறுமலாய்க் கேட்கும்.

அதற்கு அருகிலேயே ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம் குன்றின் உச்சியில் நிற்கிறது. 1905ஆம் ஆண்டு நவம்பரில் அடித்த புயலில் பல கப்பல்கள் சேதமடைந்ததையடுத்து, 1910இல் அது இயங்கத் தொடங்கியது. 1975 நவம்பர் 10 அன்று 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' எனும் சரக்குக் கப்பல் 29 பேருடன் இந்த ஏரியில் மூழ்கிற்று, ஒருவரும் பிழைக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் அவ்விளக்கை ஏற்றி அவர்களை நினைவுகூர்கின்றனர். அமைதியான நாளில் எடுத்த வண்ணப்படங்களை மட்டும் பார்த்து இந்தக் கரையை மதிப்பிட்டுவிடக் கூடாது.

இப்பகுதியில் அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறை கட்டி கட்டியாய்த் துருத்தி நிற்கும். இதனைக் குருந்தக் கல் என்று நம்பி, சாணைக்கல் செய்யும் நோக்கத்தோடு 1902ஆம் ஆண்டில் ஐந்து பேர் டூ ஹார்பர்ஸ் எனும் ஊரில் ஒரு சுரங்க நிறுவனம் தொடங்கினர். குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினமுடையது. (ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதுதான்.) தோண்டிய பிறகே அது குருந்தமன்று, சாணைக்கு உதவாத கல் என்று தெரிந்தது. மனந்தளராமல் அவர்கள் வெளியிலிருந்து கல் தருவித்து உப்புத்தாள் செய்யும் தொழிலில் இறங்கினர். அதுவே பின்னர் உலகெங்கும் ஒட்டுநாடா விற்கும் 'த்ரீ எம்' நிறுவனமாயிற்று. பெயரில் உள்ள மூன்று 'எம்'களில் ஒன்று 'மைனிங்'. சுரங்கம் தோற்றது, சொல் நிலைத்தது.

கனடாக் கரையின் அழகு வேறு விதம். அங்கே சில இடங்களில் கூழாங்கல் கரைகள் படிக்கட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாய்க் காட்டுக்குள் ஏறிச் செல்கின்றன. மேலே உள்ள படிகளில் கற்கள்மேல் பாசிப்பூ படர்ந்திருக்கும். ஆனால் அவையும் அலை உருட்டிய கற்களே. பனிப்பாளத்தின் பாரத்தால் அமுங்கியிருந்த நிலம், பாரம் நீங்கிய பின் மெத்தை போல மெல்ல எழும்பி வருகிறது. வடகிழக்குக் கரை தென்மேற்குக் கரையை நோக்க நூறாண்டுக்கு ஓரடிக்கு மேல் உயர்கிறது. எனவே பழைய கரைகள் நீரைவிட்டு மேலே போய்விட்டன. அகாவா பாறை எனும் செங்குத்துச் சுவரில் ஓஜிப்வே மக்கள் காவிக் கல்லைக் குழைத்துத் தீட்டிய உருவங்கள் அலை தெறிக்கும் உயரத்திலேயே இன்றும் அழியாமல் இருக்கின்றன.

எடுத்துச் செல்வோர்

இவ்வளவு அழகான கல்லைக் கண்டால் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் யாரால் வர முடியும்? ஆண்டுக்கு இலட்சக்கணக்கானோர் வரும் கரையில் ஆளுக்கு ஒரு கல் என்றால் என்னவாகும்? தென்கரையில், கனிமக் கறைகளால் சிவப்பும் பச்சையும் கறுப்புமாய்த் திரைச்சீலை தொங்கவிட்டது போன்ற மணற்பாறைச் சுவர்களைக் கொண்ட 'பிக்சர்டு ராக்ஸ்' பகுதியை 1966இல் தேசிய ஏரிக்கரையாக அறிவித்தனர். ஐக்கிய நாடுகளில் அத்தகைய முதல் அறிவிப்பு அதுவே. அங்கு ஒரு கல்லையும் எடுத்துச் செல்லக் கூடாது. பிற அரசு நிலங்களில் மிச்சிகன் மாநிலச் சட்டம் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று அதிகம், அனுமதிக்கிறது. 2015ஆம் ஆண்டில் அண்டை ஏரியான மிச்சிகன் ஏரிக்கரையில் ஒருவர் 93 பவுண்டு எடையுள்ள பெட்டோஸ்கி கல்லைத் தூக்கிச் சென்றார். மாநில அதிகாரிகள் அதனைத் திரும்பப் பெற்றனர். பெட்டோஸ்கி கல் என்பது அறுகோணத் தேன்கூடு போன்ற வரிகளுடைய பவளப் புதைபடிவம். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடல் இருந்ததற்குச் சாட்சி. உலர்ந்தால் வெறும் சுண்ணாம்புக்கல் போலத் தோன்றும். நனைத்தால்தான் தேன்கூடு தெரியும்.

சட்டத்தின் கண்டிப்பு எல்லோர்க்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தென்கரைக்குச் சற்று உள்ளே ஒன்டனாகன் ஆற்றோரம் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட சுத்தச் செம்புப் பாறை ஒன்று கிடந்தது. பழங்குடியினர் அதனைப் புனிதமாய்ப் போற்றினர். 1843ஆம் ஆண்டில் வணிகர் ஒருவர் அதனைப் பெயர்த்து டெட்ராய்ட் நகருக்குக் கொண்டுபோய்க் காசு வாங்கிக் காட்டினார். அரசு அதைக் கைப்பற்றித் தலைநகர் வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றது. கீவீனா விரிகுடாப் பழங்குடியினர் 1991இல் அதனைத் திருப்பித் தருமாறு கேட்டனர். 2000ஆம் ஆண்டில் மறுப்பே விடையாய்க் கிடைத்தது. பாறை இன்னும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமைதான்.

கரைக்கு நேர்ந்த பெருங்கேடு கல்லை எடுத்ததால் அன்று, கொட்டியதால் வந்தது. இரும்பு குறைந்த 'டாக்கனைட்' பாறையை மாவாய் அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கும் ஆலையை ரிசர்வ் மைனிங் நிறுவனம் சில்வர் பே என்ற இடத்தில் நிறுவியது. மிச்சக் கல்மாவை ஏரியிலேயே கொட்ட 1947இல் அனுமதி பெற்றது. 1950களின் நடுவில் ஆலை இயங்கத் தொடங்கியது. முழு உற்பத்தியின்போது நாளொன்றுக்கு 67,000 டன் வரை ஏரியில் விழுந்தது. அது கனமான சேறாதலால் ஏரியின் அடியாழத்துக்குச் சென்று அங்கேயே அடங்கிவிடும் என்றது நிறுவனம். அடங்கவில்லை. நீர் பச்சைக் கலங்கலாய் மாறுவதை மீனவர் கண்டனர். 1973ஆம் ஆண்டில் டுலூத் நகரத்தார் குடிக்கும் நீரில் கல்நார் போன்ற நுண்ணிழைகள் கலந்திருப்பதாக அரசின் சுற்றுச்சூழல் துறை அறிவித்தது. குழந்தைகளுக்குப் பால் கரைக்க எந்த நீரை எடுப்பது என்று தெரியாமல் தாய்மார்கள் கலங்கிய காலம் அது.

வழக்கை விசாரித்த நீதிபதி மைல்ஸ் லார்ட் 1974 ஏப்ரல் 20 அன்று ஆலையை மூடும்படி ஆணையிட்டார். சுமார் 3,000 தொழிலாளரின் பிழைப்பு அதில் இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓரிரு நாளில் ஆணையை நிறுத்தி வைத்தது. பின்னர் 1976இல் அந்நீதிபதி ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்று கூறி அவரை வழக்கிலிருந்தே விலக்கியது. கொட்டுவது மட்டும் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. டுலூத் நகரம் வடிகட்டி நிலையம் கட்டிக்கொண்டது. 1980ஆம் ஆண்டில்தான் கழிவு ஏரியை விட்டு நிலத்தில் அமைத்த தேக்கத்துக்குத் திருப்பப்பட்டது. அந்த நுண்ணிழைகளால் குடித்தவர்க்கு எவ்வளவு தீங்கு என்பது நீதிமன்றத்தில் தீராத வாதமாகவே இருந்தது. தீங்கு நிரூபணமாகட்டும், பிறகு நிறுத்தலாம் என்ற வாதத்தை என் மனம் ஏற்கவில்லை. ஊரார் குடிக்கும் நீரில் சோதனை செய்ய எவருக்கும் உரிமையில்லை.

கொட்டிய கல்மாவும் அதன் கரடான பகுதியும் ஆலையின் முன்னே ஒரு திட்டாய் நீருக்குள் நீண்டன. அதனை அலை அரித்துக் கரையோரம் பரப்பிற்று. இன்று சில்வர் பேயில் 'கருங்கரை' என்ற பெயரில் மக்கள் குளிக்க வரும் இடத்தின் கரிய மணல் அதுவே. ஒருபுறம் சிவந்த பாறை, எதிரே நீல நீர், காலடியில் மை போன்ற மணல். படமெடுக்க ஏற்ற இடமென்று சுற்றுலாக் கையேடுகள் அதனைப் பரிந்துரைக்கின்றன. பிள்ளைகள் அதில் வீடு கட்டி விளையாடுகின்றனர். மணலில் காந்தத்தை வைத்தால் இரும்புத் துகள்கள் இன்னும் அதில் வந்து ஒட்டுகின்றன.